2035ல இங்க உட்காரப்போறது யாரு?

இந்த எபிசோடை ஒரு பேய்ப் படத்துல இருந்து ஆரம்பிக்கலாம். 2015ல வந்த 'டிமான்டி காலனி' பார்த்திருப்பீங்க. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் நிஜமாவே வாழ்ந்த மனுஷன். ஜான் டி மான்டி, போர்த்துக்கீசிய வழியில வந்த ஒரு மெட்ராஸ் வியாபாரி. ஈசிஆர்ல கோவளத்துக்கு சர்ஃபிங் போறவங்க அங்க ஒரு கார்மேல் மாதா கோவிலைப் பார்த்திருப்பீங்க. அது 1808ல அவர் கட்டினது. 1821ல இறந்தப்போ அவரை அடக்கம் பண்ணினதும் அங்கதான். தன்னோட சொத்தை தர்ம காரியங்களுக்காக சபைக்கு எழுதி வெச்சுட்டுப் போனார்.

அவரோட வியாபாரம் இன்னைக்கு எங்கயும் இல்ல. கோவில்ல ஞாயிற்றுக்கிழமை பூசை மட்டும் இன்னைக்கும் நடக்குது. 200 வருஷத்துக்கு மேல ஒரு இடம் உயிரோட இருக்கணும்னா என்ன வேணும்? இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறோம். குறிப்பா, செங்கல்பட்டு பக்கத்துல இருக்கிற ஒரு சின்ன சபை தன்னோட அடுத்த பத்து வருஷத்தை எப்படி யோசிக்கணும்னு. நீங்க கிறிஸ்தவரா இல்லாம இருக்கலாம், சாமியே கும்பிடாதவரா இருக்கலாம். ஊர்க் கோவில் கமிட்டி, ஜமாத், அபார்ட்மென்ட் அசோசியேஷன்னு எதுலயாவது உங்க வீட்டுல ஒருத்தர் இருப்பார். அவருக்கும் இது பொருந்தும்.

நான் பண்ணின சொதப்பல்

எங்க பாட்டியோட ஊர் செங்கல்பட்டுல இருந்து பஸ்ல முக்கால் மணி நேரம். சர்ச் இருக்கிறது காலனிப் பக்கம். போன வருஷம் அங்க கமிட்டியில இருந்து எனக்கு போன் வந்தது. "தம்பி, நீங்க சாஃப்ட்வேர்ல இருக்கீங்க. சபைக்கு ஒரு விஷன் 2035 போட்டுக் குடுங்க." எனக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு நைட் உட்கார்ந்து 24 ஸ்லைடு போட்டேன். ரோட்மேப், மைல்ஸ்டோன், எல்இடி ஸ்க்ரீன், ஏசி, லைவ் ஸ்ட்ரீம். ஆபீஸ்ல கிளையன்ட்டுக்கு எப்படிக் காட்டுவேனோ அதே மாதிரி.

ஆராதனை முடிஞ்சதும் ப்ரொஜெக்டர்ல ஓட்டினேன். எல்லாரும் அமைதியா பார்த்தாங்க. கடைசியில பெண்கள் ஐக்கிய சங்கத்துல இருக்கிற ஒரு அம்மா எழுந்தாங்க. "எல்லாம் நல்லா இருக்குது தம்பி. 2035ல இங்க உக்காந்து இதைப் பாக்கப்போறது யாரு?"

யாரும் சிரிக்கல. நான் சுத்திப் பார்த்தேன். அன்னைக்கு உட்கார்ந்திருந்தவங்கள்ல பாதிக்கு மேல 60 வயசைத் தாண்டினவங்க. என்கிட்ட பதில் இல்ல. லேப்டாப்பை மூடிட்டேன்.

ஏன் அந்த ஸ்லைடு வேலை செய்யல

திரும்பி வர்ற பஸ்ல யோசிச்சேன். ஒரு கம்பெனிக்கு ரோட்மேப் போடும்போது யூசர் வெளியே இருப்பார், முடிவு எடுக்கிறவர் உள்ளே இருப்பார். சபையில ரெண்டு பேரும் ஒரே ஆள். அதனால, யார் இருக்காங்கன்னு தெரியாம என்ன வேணும்னு சொல்லவே முடியாது.

அதுல ஒரு சிக்கலும் இருக்கு. ரெஜிஸ்டர்ல 42 குடும்பம். சந்தா கட்டினா ஓட்டு உண்டு. ஆனா ஊர்ல ஆள் குடியிருக்கிற வீடு 17தான். மத்தவங்க எல்லாம் தாம்பரம், மறைமலை நகர், ஓசூர், துபாய். கிறிஸ்துமஸுக்கு வருவாங்க, கமிட்டி எலெக்‌ஷனுக்கு வருவாங்க. அதாவது முடிவு எடுக்கிறவங்க ஒரு கூட்டம், அந்த முடிவோட தினமும் வாழப்போறவங்க இன்னொரு கூட்டம். எல்இடி ஸ்க்ரீன் ஐடியாவுக்கு வாட்ஸ்அப் குரூப்ல கை தட்டினது எல்லாமே வெளியூர் நம்பர்கள். என் நம்பரும் அதுல ஒண்ணு. என் பேரும் அந்த ரெஜிஸ்டர்ல இருக்கு, நான் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் போறேன்.

ரெஜிஸ்டரும் முழுக் கதையைச் சொல்லாது. 1950ல வந்த ஜனாதிபதி ஆணைப்படி தலித் ஒருத்தர் கிறிஸ்தவரா இருந்தா எஸ்சி பட்டியல்ல வர முடியாது. 1956ல சீக்கியர்களுக்கும் 1990ல பௌத்தர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்தாங்க. கிறிஸ்தவர்களுக்குத் திறக்கல. தமிழ்நாட்டுல அவங்களுக்குக் கிடைக்கிறது பிசி சான்றிதழ். அதனால ஒரு பையன் காலேஜ் சேரும்போது, வேலைக்கு அப்ளை பண்ணும்போது, "சர்ச் ரெஜிஸ்டர்ல என் பேர் இருக்கணுமா"ன்னு ஒரு நிமிஷம் யோசிப்பான். இளைஞர்கள் ஏன் வரலன்னு பேசுற கூட்டத்துல இதை யாரும் வாய்விட்டுப் பேச மாட்டாங்க. பேசாம போடுற திட்டம் காகிதத்தோட நின்னுடும்.

1890கள்: செங்கல்பட்டுல இதே கேள்வி

அப்புறம் நான் கொஞ்சம் படிக்க ஆரம்பிச்சேன். இதே கேள்வி இதே மாவட்டத்துல 130 வருஷத்துக்கு முன்னாடி ரொம்பக் கடுமையா வந்திருக்கு.

செங்கல்பட்டுல அப்போ ஸ்காட்லாந்து சபையோட மிஷன் இருந்தது. ஆடம் ஆண்ட்ரூ அதுல ஒரு மிஷனரி. இந்தப் பக்கம் தலித் மக்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தாங்க. வந்தவங்களுக்கு முதல் பிரச்சினை ஆராதனை எங்க நடத்துறதுங்கிறது இல்ல. எங்க குடியிருக்கிறது? நிலம் மிராசுதார் கையில. சும்மா கிடக்கிற தரிசு நிலத்துக்குக்கூட அவங்களுக்குத்தான் முன்னுரிமை. கூலிக்காரர் எதிர்த்துப் பேசினா, குடிசை நிக்கிற மனையை விட்டே வெளியேத்த முடியும். காலுக்குக் கீழ மண் இல்லாதவங்க கிட்ட எதிர்காலத் திட்டம் கேட்க முடியுமா?

அப்போ செங்கல்பட்டு கலெக்டரா இருந்தவர் ட்ரெமென்ஹீர். 1891ல அவர் இந்த மக்களோட நிலைமையைப் பத்தி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். அதோட தொடர்ச்சியா 1892ல மெட்ராஸ் அரசு ஆணை போட்டது. அதுல இருந்து வந்ததுதான் நாம பஞ்சமி நிலம்னு சொல்றது. மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர்னு பொதுவா சொல்லுவாங்க. அந்த நிலத்தை முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அதுக்கு அப்புறமும் அதே ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்ளதான் கைமாறணும்னு நிபந்தனை. ஆண்ட்ரூ தன் பங்குக்கு மிஷன் மூலமா நிலம் வாங்கி மெல்ரோஸாபுரம் மாதிரி குடியிருப்புகளை உருவாக்கினார். மெல்ரோஸ்ங்கிறது ஸ்காட்லாந்துல இருக்கிற ஒரு ஊர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போனா அந்தப் பேரை இன்னைக்கும் பார்க்கலாம்.

இன்ஜினியரா எனக்கு அந்த 1892 நிபந்தனை ரொம்பப் பிடிச்சது. நாளைக்கு என்ன தப்பு நடக்கும்னு யோசிச்சு, அதைத் தடுக்க முன்னாடியே ஒரு ரூல் எழுதியிருக்காங்க. ஆனா எழுதி வெச்சா மட்டும் போதாதுன்னும் அதே கதை சொல்லுது. அந்த நிலத்துல நிறைய கை மாறிப் போச்சு. 1994 அக்டோபர்ல, இந்த மாமல்லபுரம் பக்கத்து காரணை கிராமத்துல பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. செங்கல்பட்டுல நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் இறந்தாங்க. ஒரு காகிதத்தைப் பாதுகாக்கிற ஆள் இல்லாம போனா, நூறு வருஷம் கழிச்சு அதுக்கு உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கு.

28 வருஷ ரோட்மேப்

இன்னொரு கதை, கொஞ்சம் தெற்கே. 1919ல தரங்கம்பாடியில தென்னிந்திய சபைத் தலைவர்கள் கொஞ்சம் பேர் கூடினாங்க. ஆங்கிலிக்கன், ஸ்காட்லாந்து வழி, மெதடிஸ்ட்னு ஐரோப்பாவுல பிறந்த பிரிவினையை நம்ம ஊர்ல நாம ஏன் சுமக்கணும்னு கேட்டாங்க. அதுல முக்கியமானவர் வி.எஸ். அசரியா. இப்போதைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில பிறந்தவர். 1912ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்திய பிஷப் ஆனவர்.

பேச்சுவார்த்தை முடிய 28 வருஷம் ஆச்சு. 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல சி.எஸ்.ஐ. பிறந்தது. செங்கல்பட்டு ஸ்காட்லாந்து மிஷன் சபைகள் எல்லாம் அதுக்குள்ள வந்தது. அசரியா அதைப் பார்க்கல. 1945 ஜனவரி 1ஆம் தேதியே இறந்துட்டார்.

நாங்க எல்லாம் ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட் ஓட்டுற ஆளுங்க. தான் பார்க்க முடியாத ஒரு நாளுக்காக 26 வருஷம் ஒருத்தர் வேலை செஞ்சிருக்கார்னு படிச்சப்போ, பாட்டி சபையில நான் போட்ட 24 ஸ்லைடு ஞாபகம் வந்தது. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வேற வழியில பதில் தேடணும்னு முடிவு பண்ணேன்.

ரெண்டாவது தடவை: கோலமாவும் ரெஜிஸ்டரும்

ரெண்டு மாசம் கழிச்சு போதகர்கிட்ட அனுமதி கேட்டேன். "ஐயா, ப்ரொஜெக்டர் வேணாம். ஒரு மதியம் மட்டும் குடுங்க"ன்னேன். சாதாரண ஞாயிற்றுக்கிழமையா இருக்கணும், பண்டிகை நாளா இருக்கக் கூடாதுன்னும் கேட்டுக்கிட்டேன். ஏன்னா பண்டிகைக்கு வெளியூர்க்காரங்க வந்துடுவாங்க. அன்னைக்கு செஞ்சதை வரிசையா சொல்றேன், உங்க ஊர்லயும் பண்ணலாம்.

முதல் வேலை, தரையில ஒரு மேப். கிராம வளர்ச்சித் துறையில ராபர்ட் சேம்பர்ஸ்னு ஒருத்தர். நிபுணர் வந்து சர்வே எடுக்கிறதுக்குப் பதிலா, ஊர்க்காரங்களே தங்க ஊரைத் தரையில வரைஞ்சு பேசட்டும்ங்கிற முறையைப் பரப்பினவர். நம்ம கிட்டதான் கோலமாவு இருக்கே. பெண்கள் சங்கத்து அம்மாக்கள் பத்து நிமிஷத்துல ஊரையே போட்டுட்டாங்க. ஆள் இருக்கிற வீட்டுக்குப் புளியங்கொட்டை, பூட்டின வீட்டுக்குக் கல். கல்லுதான் ஜாஸ்தி. மேப்பைச் சுத்தி நின்னவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. ஸ்லைடுல "உறுப்பினர் குறைவு"ன்னு நான் போட்டிருந்தேன், அப்போ யாருக்கும் எதுவும் தோணல.

ரெண்டாவது, வயசுக் கணக்கு. ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தரோட வயசுலயும் பத்தைக் கூட்டணும். அவ்வளவுதான். பாடல் நடத்துற அண்ணனுக்கு 71. சர்ச் சாவி வெச்சிருக்கிற தாத்தாவுக்கு 84. ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்க ஏழு பேரும் காலேஜ் வயசைத் தாண்டியிருப்பாங்க. எந்த வேலைக்கு எப்போ ஆள் இல்லாம போகும்னு இதுல தெரிஞ்சிடும்.

மூணாவது, நல்ல ஞாபகம். 1987ல டேவிட் கூப்பர்ரைடரும் சுரேஷ் ஸ்ரீவஸ்த்வாவும் ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரு அமைப்புகிட்ட "உன் பிரச்சினை என்ன"ன்னு மட்டும் கேட்காம, "நீ நல்லா இருந்த நேரம் எது"ன்னு கேட்கணும்ங்கிறது அதோட சாரம். நான் கேட்டேன்: "இந்த சபை இருந்ததால உங்களுக்கு நல்லது நடந்த ஒரு நாளைச் சொல்லுங்க." பெரிய பண்டிகையை யாரும் சொல்லல. வீட்டுல கரண்ட் இல்லாத காலத்துல சர்ச் விளக்குல படிச்சு எஸ்எஸ்எல்சி பாஸ் பண்ணினதைச் சொன்னாங்க. கைப்பிடி அரிசி சேர்த்து ஒரு பிரசவச் செலவைப் பார்த்ததைச் சொன்னாங்க. எங்க பாட்டி, "உங்க தாத்தா செத்தப்போ மூணு நாள் எங்க வீட்டுல அடுப்பு எரியலடா, சபை வீட்டுல இருந்துதான் சாப்பாடு வந்துச்சு"ன்னு சொன்னாங்க. நான் அதைக் கேட்டதே அன்னைக்குத்தான்.

நாலாவது, மூணு கதை. 1970களோட தொடக்கத்துல ஷெல் எண்ணெய் கம்பெனியில பியர் வாக் தலைமையில ஒரு குழு இருந்தது. எதிர்காலத்தைக் கணிக்காம, "இப்படி நடந்தா என்ன, அப்படி நடந்தா என்ன"ன்னு ரெண்டு மூணு கதையா எழுதிப் பழகினாங்க. 1973ல எண்ணெய் விலை எகிறினப்போ அந்தப் பழக்கம் கை குடுத்துச்சு. நாங்களும் மூணு கதை பேசினோம். ஒண்ணு, போதகர் மாசத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும்ங்கிற நிலைமை. ரெண்டு, மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி பக்கம் வேலைக்கு வர்ற வெளி மாவட்ட, வெளி மாநிலக் குடும்பங்கள் இங்க வாடகைக்கு வர்றது. மூணு, நிலத்தோட விலை ஏறி, யாராவது சர்ச் இடத்தைக் கேட்டு வர்றது. கோவளம், சதுரங்கப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்னா நாலாவதா கடலையும் சேர்த்துக்கணும். 2004 டிசம்பர் 26 பார்த்தவங்களுக்கு அது கற்பனைக் கதை கிடையாது.

கடைசியா, பேசுற வரிசை. தினமும் ஊர்ல இருக்கிறவங்க முதல்ல பேசணும். அதுலயும் பெண்கள், பிள்ளைங்க முன்னாடி. கமிட்டி அப்புறம். என்னை மாதிரி வெளியூர்க்காரங்க கடைசி. சும்மா கேட்கிறதுக்கு ஈசியான ரூல் மாதிரி இருக்கு. முதல் அரை மணி நேரத்துல மூணு தடவை என்னை உட்கார வெச்சாங்க.

பெரிய சபைகளும் இதைத்தான் பண்ணுது

இது சின்ன ஊர் விளையாட்டுன்னு நினைக்க வேணாம். கத்தோலிக்க சபையில போப் பிரான்சிஸ் 2021 அக்டோபர்ல ஒரு நீண்ட சினட் தொடங்கினார். உலகம் முழுக்க இருக்கிற மறைமாவட்டங்கள் முதல்ல பங்குகள்ல இருக்கிற சாதாரண மக்களைக் கேட்கணும், அப்புறம்தான் பிஷப்புகள் ரோம்ல கூடணும். 2023லயும் 2024லயும் ரெண்டு அமர்வு நடந்தது. முதல் தடவையா பெண்களும் பொது நிலையினரும் அதுல ஓட்டுப் போட்டாங்க. கோவளம் கோவில் இருக்கிற செங்கல்பட்டு மறைமாவட்டமே 2002லதான் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்துல இருந்து பிரிஞ்சது. ஊர் மாறும்போது எல்லைக்கோட்டையும் மாத்தி வரையணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். கேட்டுட்டு ஒண்ணும் பண்ணலன்னா, கேட்காம இருந்ததைவிட மோசம். அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டாங்க.

கடைசியில என்ன முடிவு ஆச்சு

எல்இடி ஸ்க்ரீன் இல்ல. கட்டட நிதியில இருக்கிற காசை இப்போதைக்குத் தொட வேணாம்னு முடிவு பண்ணாங்க. அதுக்குப் பதிலா மூணு சின்ன வேலை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள், ஒரு தேதி.

சர்ச் பக்கத்துல இருக்கிற பழைய ஹாலைச் சாயங்காலம் 6 முதல் 8 வரைக்கும் படிக்கிற இடமா திறந்து விடுறது, ஊர்ல எந்தப் பிள்ளை வேணும்னாலும் வரலாம். சர்ச் விளக்குல படிச்சவங்க சொன்ன ஞாபகத்துல இருந்து வந்த ஐடியா இது. சாவி இப்போ முதல் நாள் கேள்வி கேட்ட அந்த அம்மாகிட்ட. ரெண்டாவது, போதகர் வராத வாரம் ஆராதனை நடத்த ரெண்டு பேரைப் பழக்குறது. அதுல ஒருத்தங்க 26 வயசு நர்ஸ், நைட் டியூட்டி இல்லாத வாரம் நடத்துவாங்க.

மூணாவது வேலை எனக்கு. நிலத்தோட காகிதங்களை ஒழுங்கு பண்றது. சி.எஸ்.ஐ. சபைகளோட சொத்து பொதுவா சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பேர்ல இருக்கும், ஊர் சபை நினைச்சா விற்கவோ கட்டவோ முடியாது. ஆனா எந்த சர்வே எண், எத்தனை சென்ட், நாலு எல்லை எதுன்னு ஊர்ல யாருக்காவது தெரிஞ்சிருக்கணும். அந்தத் தாத்தாவோட டிரங்க் பெட்டியில இருந்து எல்லாத்தையும் எடுத்து ஸ்கேன் பண்ணி, மூணு காப்பி வெச்சோம். வில்லங்கச் சான்றிதழை பதிவுத்துறை தளத்துல ஆன்லைன்லயே எடுத்துப் பார்க்கலாம், எடுத்தோம். கல்லறைத் தோட்டத்துக்குப் போற வழி எந்தக் காகிதத்துலயும் இல்லைன்னு அப்போதான் தெரிஞ்சது. அந்த வழி நாளைக்கு அடைபட்டா, எங்க பாட்டியை எங்க கொண்டு போவோம்? இப்போ அதுக்கு மறைமாவட்ட ஆபீஸுக்கு மனு எழுதிட்டு இருக்கோம்.

எல்லாம் ஜெயிச்சிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். படிக்கிற ஹாலுக்கு முதல் வாரம் 11 பிள்ளைங்க வந்தாங்க, போன வாரம் ஆறு. பூட்டின வீடுங்க இன்னும் பூட்டியேதான் இருக்கு. ஆனா அந்த ஆறு பேர்ல நாலு பேர் சபைக் குடும்பத்துப் பிள்ளைங்க இல்ல. 2035ல இங்க உட்காரப்போறது யாருங்கிற கேள்விக்கு, ரெஜிஸ்டர்ல தேடாத இடத்துல இருந்து பதில் வருது போல.

அடுத்த கமிட்டி எலெக்‌ஷன்ல நான் ஓட்டுப் போடல. சந்தா கட்டுவேன், ஸ்கேன் பண்ணித் தருவேன், கூப்பிட்டா வருவேன். முடிவை அங்க இருக்கிறவங்க எடுக்கட்டும். பாட்டிகிட்ட இதைச் சொன்னேன். "ஓட்டு போடாட்டி போ. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமையாவது வாடா"ன்னாங்க. இந்த மாசம் இன்னும் போகல. வர்ற ஞாயிறு போகணும்.

உங்க ஊர்ல இப்படி ஒரு இடம் இருந்தா, வீட்டுல பெரியவங்ககிட்ட அந்த மூணாவது கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்க: அந்த இடம் இருந்ததால உங்களுக்கு நல்லது நடந்த ஒரு நாள் எது? அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.